பால் சேர்க்காத இளந்தேநீர்: நீலகிரி, நுவரெலியா இலையைப் போட்டுக் குடிக்கும் முறை

நம் வீடுகளில் டீ என்றாலே கொதிதான். தண்ணீர் கொதிக்க வேண்டும், தூள் கொதிக்க வேண்டும், இஞ்சி ஏலக்காய் கொதிக்க வேண்டும், பால் ஊற்றிப் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைத்து இன்னொரு கொதி. அந்த டீக்கு அதுதான் சரி, மாலை ஐந்து மணிக்கு எனக்கும் அது வேண்டும். ஆனால் குன்னூரிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ யாராவது நல்ல இலைத்தேயிலை வாங்கி வந்து கொடுத்தால், அதையும் அதே பாத்திரத்தில் அதே மாதிரி போட்டுவிட்டு, "என்ன இது, வெந்நீர் மாதிரி இருக்கே" என்று பாக்கெட்டை அலமாரி மூலையில் தள்ளிவிடுகிறோம். அப்படி மூலையில் கிடக்கும் பாக்கெட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் செய்தேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் குன்னூர் போனபோது கால் கிலோ இலை வாங்கினேன், நல்ல விலை, பிரித்தால் பூ வாசனை அடித்தது. திருச்சிக்கு வந்து பாலில் போட்டு நாலு நிமிடம் கொதிக்க விட்டேன். நிறமும் ஏறவில்லை, ருசியும் இல்லை, பால் வாசனைதான் மிஞ்சியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் கோபமாக வந்தது. அப்போது எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்து, கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவர். அவரிடம் பாக்கெட்டைக் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வாய்க் காற்றை அதன்மேல் சூடாக ஊதி, முகர்ந்து பார்த்தார். "நல்ல கொழுந்துதான் தம்பி. இதைப் போய் ஏன் வேக வைக்கிறீங்க? சுடுதண்ணியில ஊறப் போடுங்க, சாயம் இறங்கினதும் வடிச்சிடுங்க" என்றார்.

அதே இலை, அதே வீட்டுத் தண்ணீர், மூடி வைத்து மூன்று நிமிடம். கண்ணாடி டம்ளரில் தேன் நிறத்தில் இறங்கியது. முதல் வாய் குடித்ததும் நாக்கில் லேசான ஒரு பிடிப்பு, அதன் பின்னால் ஒரு இனிப்பு, விழுங்கிய பிறகும் மூக்கில் அந்தப் பூ வாசனை. கடைக்காரர்மேல் தப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் "லைட்டா ஒரு டீ" என்று கேட்டால் டிகாஷனைக் குறைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். நான் சொல்லும் இளந்தேநீர் அது இல்லை. இலையின் அளவைக் குறைத்துத் தண்ணியாக்கியது கிடையாது, இலையின் குணமே மென்மை. மலை உச்சியில், குளிரில், மெதுவாக வளர்ந்த கொழுந்து. அதில் வாசனை அதிகம், உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், குறைவு. அந்த வாசனைக்கு எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் போதும், மீதியை இலை பார்த்துக்கொள்ளும்.

எந்த இலை வாங்குவது

நம் வீட்டு டப்பாவில் இருக்கும் குருணை மாதிரித் தூள் சி.டி.சி. முறையில் செய்தது, அதாவது கொழுந்தை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவது. 1930-களில் அசாமில் வந்த இயந்திரம் இது. பால் டீக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது: சீக்கிரம் இறங்கும், நிறம் கொடுக்கும், பாலை எதிர்த்து நிற்கும். பால் இல்லாமல் குடிக்கத்தான் சிரமம். நமக்கு வேண்டியது ஆர்த்தடாக்ஸ் என்று சொல்லப்படும் பழைய முறை இலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் பட்டுக் கறுக்க விட்டு, பிறகு உலர்த்துவார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சி.டி.சி. கடுகும் கேழ்வரகும் போல உருண்டையாக இருக்கும், ஆர்த்தடாக்ஸ் முறுக்கிய நூல் துண்டுகள் போல இருக்கும். பாக்கெட்டில் 'நீலகிரி' என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், நீலகிரியில் விளைவதில் பெரும்பகுதி சி.டி.சி.தான். 'ஆர்த்தடாக்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டு இலையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அட்டையில் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்றெல்லாம் எழுத்துகள் இருக்கும். இதெல்லாம் ருசிக்கான மார்க் கிடையாது, இலையின் அளவையும் வடிவத்தையும் சொல்வது. ஓ.பி. என்றால் ஆரஞ்சு பீக்கோ, நீள இலை. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்னால் ஒரு 'பி' சேர்ந்தால் உடைந்த இலை, கடைசியில் 'எஃப்' வந்தால் இன்னும் பொடி, 'டஸ்ட்' என்றால் தூள். முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு ஓ.பி. வகைதான் நல்லது, மெதுவாக இறங்குவதால் அரை நிமிடம் முன்னே பின்னே போனாலும் கெட்டுப்போகாது. உடைந்த இலை கிடைத்தாலும் பரவாயில்லை, நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எந்த ஊர் இலை?

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உறைபனி விழும் காலத்தில் பறிக்கும் கொழுந்துக்குத் தனி மதிப்பு உண்டு. குளிரில் செடி வளர மாட்டேன் என்று நிற்கும், வாசனை இலைக்குள்ளேயே சேரும். இதைத்தான் ஃபிராஸ்ட் டீ என்று விற்கிறார்கள். பனிக்கால இலை கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மற்ற மாதத்து ஆர்த்தடாக்ஸ் இலையும் நன்றாகத்தான் இருக்கும், மணம் கொஞ்சம் குறைவு.

நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். இலங்கையில் தேயிலையை உயரத்தை வைத்தே பிரிப்பார்கள்: 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் மலைநிலம். இதில் நுவரெலியா இலைதான் இருப்பதிலேயே மென்மை, வெளிர் நிறம். வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில், மழை ஓய்ந்து வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும்போது வரும் இலையைக் கேட்டு வாங்குங்கள். இலங்கையின் ஊவா மாகாணத்து இலை அருமையானதுதான், ஆனால் காரமான குணம், இளந்தேநீர்க் கணக்கில் வராது. தாழ்நிலத்து இலை இன்னும் அழுத்தமானது, கருநிறம், பாலுக்கு ஏற்றது.

டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, மார்ச் ஏப்ரலில் வருவது, எல்லாவற்றிலும் நுட்பமானது. கறுப்புத் தேயிலை என்று பெயர், இலையைப் பார்த்தால் பாதி பச்சையாக இருக்கும், விலையும் கூடுதல். நீலகிரியில் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் விளையும் கீமுன் என்ற இலையும் பால் இல்லாமல் குடிக்க நல்லது, அதில் பூ வாசனையைவிட லேசான கோகோ, புகை வாசனை தெரியும்.

வாங்கியதைச் சோதிக்க ஒரு சின்ன வழி. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை இலையைப் போடுங்கள். நல்ல இலை அசையாமல் கிடக்கும், நிறம் மெல்ல மெல்லத்தான் கசியும். போட்ட உடனே கோடு கோடாகச் சாயம் ஓடினால் சாயம் ஏற்றிய இலையோ என்று சந்தேகப்படலாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்

பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். உப்புத் தன்மை உள்ள போர் தண்ணீரில் போட்டால் டீயின் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மிதக்கும், நிறம் மங்கி அழுக்காகத் தெரியும், வாசனை எழும்பாது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து செய்யும் வேலை அது. பால் டீயில் இது தெரியவே தெரியாது, இதில் அப்பட்டமாகத் தெரியும். ஆற்றுத் தண்ணீரோ, குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ, கேன் தண்ணீரோ எது உங்கள் நாக்குக்குத் தனியாகக் குடிக்கும்போது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனால் சில வீட்டு இயந்திரங்கள் தாதுவை மொத்தமாக உறிஞ்சிவிடுவதால் டீ சப்பென்று இருக்கும். அப்படி இருந்தால் அதில் கால் பங்கு வடிகட்டிய குழாய்த் தண்ணீரைக் கலந்து பாருங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காமல் புதிதாகப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் சூடு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரிலும் நுவரெலியாவிலும் 94-ஐ ஒட்டியே கொதித்துவிடும், ஊட்டியில் 93-க்கும் கீழே. அதாவது மலையில் இருப்பவர்கள் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அப்படியே இலைமேல் ஊற்றினாலும் அது அந்த இலைக்குச் சரியான சூடுதான். அதே இலையை நாம் கீழே கொண்டுவந்து 100 டிகிரியில் போடுகிறோம், போதாததற்கு அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவும் விடுகிறோம். மென்மையான இலைக்கு அது அதிகம்.

வெப்பமானி வாங்க வேண்டியதில்லை. டபரா டம்ளர் இருக்கிறதே. டீயை ஆற்றுவதற்குப் பதிலாகத் தண்ணீரை ஆற்றுங்கள். நன்றாகக் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு எவர்சில்வர் சொம்புக்கு ஒரு முறை மாற்றினால் 90-களின் தொடக்கத்துக்கு இறங்கிவிடும், அது நீலகிரி, நுவரெலியா இலைக்குப் போதும். டார்ஜிலிங் முதல் பறிப்புக்கு இன்னொரு முறை மாற்றினால் 85 பக்கம் வரும். பாத்திரத்தின் கனத்தைப் பொறுத்து இரண்டு மூன்று டிகிரி மாறும், அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

போடும் முறை

ஒரு ஆளுக்கு 200 மில்லி தண்ணீர், 2 முதல் 2.5 கிராம் இலை. சமையல் தராசு இருந்தால் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஸ்பூன் கணக்கு இதில் ஏமாற்றும். சி.டி.சி. தூள் ஒரு டீஸ்பூன் எடுத்தாலே 2 கிராமைத் தாண்டும், நீள இலை லேசானது, குவித்து ஒன்றரை ஸ்பூன் எடுத்தால்தான் அந்த எடை வரும். முதல் தடவை போடும் பலருக்கு டீ வெந்நீர் மாதிரி ஆவதற்குக் காரணமே இதுதான், இலை போதவில்லை.

மூடி உள்ள பீங்கான் ஜாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு பெரிய கண்ணாடி டம்ளரும் மேலே மூட ஒரு சின்னத் தட்டும் போதும். எவர்சில்வரிலும் போடலாம், ஆனால் சீக்கிரம் ஆறிவிடும், நிறமும் தெரியாது. முதலில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிச் சுழற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். அந்த ஈரச் சூட்டிலேயே இலையைப் போட்டு ஒரு பத்து நொடி மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். அந்த இலையின் முழு வாசனையும் அப்போதுதான் எழும்பும். இதைத் தவற விடாதீர்கள். பிறகு ஆற்றிய தண்ணீரை இலைமேல் ஊற்றி மூடுங்கள்.

நீள இலைக்கு மூன்று நிமிடம், உடைந்த இலைக்கு இரண்டிலிருந்து இரண்டரை. கடிகாரம் பார்த்தே செய்யுங்கள், "கொஞ்ச நேரம்" என்று விட்டால் அது ஆறு நிமிடம் ஆகிவிடும். அந்த அக்கா கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை, தட்டை லேசாகத் தூக்கி ஆவியை முகர்வார், பச்சை வாசனை போய் இனிப்பான வாசனை வந்ததும் வடித்துவிடுவார். எனக்கு அது கைவர நாலைந்து வருஷம் ஆனது.

நேரம் ஆனதும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட வேண்டும். இலை தண்ணீரிலேயே கிடந்தால் நீங்கள் முதல் பாதியைக் குடிக்கும் நேரத்தில் இரண்டாம் பாதி கசந்துவிடும். வடிகட்டியில் இருக்கும் இலையை ஸ்பூனால் அழுத்திப் பிழியாதீர்கள், பால் டீ பழக்கத்தில் கை தானாகப் போகும். கொஞ்சம் அழுத்தமாக வேண்டும் என்றால் அடுத்த முறை இலையை அரை கிராம் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். வாசனையும் இனிப்பும் முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடும், அதற்குப் பிறகு இறங்குவதில் துவர்ப்பும் கசப்பும்தான் அதிகம்.

நல்ல நீள இலையாக இருந்தால் அதே இலையில் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றலாம். இந்த முறை தண்ணீரை ஆற்றவே வேண்டாம், ஐந்து நிமிடம் விடலாம். முதல் தடவை அளவுக்கு மணம் இருக்காது, ஆனால் ஒரு சாதுவான இனிப்பு இருக்கும், எனக்குச் சில நாள் அதுவே போதும் என்று தோன்றும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து தேவை, அதுவும் இரண்டு இலை ஒரு மொட்டாக, கையால், சரிவில் நின்றுகொண்டு பறித்தது. ஒரே ஊறலோடு குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். 1867-இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பிச் செடிகளை நோய் அழித்த பிறகு இலங்கை மலைகள் முழுக்கப் பரவியபோது, காடு வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 1964-இல், மலையகத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நிறையப் பேர் நீலகிரிக்கு வந்தார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டேன்டீ என்ற தன் தேயிலைத் தோட்டங்களை விரித்தது. நுவரெலியா இலையையும் நீலகிரி இலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடிக்கும்போதெல்லாம், இரண்டு மலையிலும் ஒரே குடும்பம் கொழுந்து பறித்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வராமல் இருக்காது.

துவர்ப்பு வேறு, கசப்பு வேறு

குடித்துப் பழகுவதில் முக்கியமான பாடம் இது. நமக்கு அறுசுவை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் துவர்ப்புக்குத் தனி இடம் இருக்கிறது, ஆனால் டீ குடிக்கும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து "கசக்குது" என்று சொல்லிவிடுகிறோம். நாவல்பழம் தின்றால், வாழைப்பூவைப் பச்சையாக வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, கன்னத்தின் உட்புறம் வறண்ட மாதிரி ஆகுமே, அது துவர்ப்பு. பாகற்காயும் வேப்பம்பூவும் நாக்கின் பின்புறத்தில் நின்று போக மறுப்பது கசப்பு. நல்ல இளந்தேநீரில் துவர்ப்பு கொஞ்சம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் டீ தொளதொளவென்று இருக்கும். அந்தத் துவர்ப்பு வந்து, உடனே விலகி, அந்த இடத்தில் எச்சில் ஊறி ஓர் இனிப்பு வர வேண்டும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதன் மெல்லிய வடிவம். கசப்பு வந்தால்தான் எங்கோ தப்பு: சூடு கூடிவிட்டது, இல்லை நேரம் கூடிவிட்டது.

இதை ஒரே நாளில் நாக்குக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே இலையை மூன்று கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு போட்டு, ஒரே சூட்டில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை இரண்டு நிமிடத்திலும் அடுத்ததை மூன்றிலும் கடைசியை ஆறிலும் வடியுங்கள். வரிசையாக வைத்து இளஞ்சூட்டில் ருசி பாருங்கள். முதலாவதில் வாசனை இருக்கும், பிடிப்பு இருக்காது. மூன்றாவதில் பிடிப்பு முரடாகி கசப்பு பின்னால் நிற்கும். நடுவில் இருப்பதில் இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது உங்கள் இலைக்கு இரண்டரையோ மூன்றரையோ சரி என்று உங்களுக்கே தெரியும். அடுத்த நாளிலிருந்து நான் சொன்ன நிமிடக் கணக்கை விட்டுவிட்டு உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஓர் அளவுமுறை உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். இதைப் பார்த்துவிட்டு அதுதான் சரியான முறை என்று வீட்டில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட, குற்றத்தை வெளியே இழுக்க ஏற்பட்டது, குடித்து மகிழ்வதற்கு இல்லை. ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, உறிஞ்சும் விதம். ஸ்பூனில் எடுத்து சர்ரென்று சத்தம் வர உறிஞ்சுவார்கள், டீ காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கத் தெறித்து வாசனை மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும். வீட்டில் யார் முறைத்தாலும் முதல் இரண்டு வாயை அப்படிக் குடித்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள், ஒரு மூன்று நான்கு நிமிடம் விட்டால்தான் நாக்கு வேலை செய்யும். ஆறிக்கொண்டே வரும்போது ஒவ்வொரு வாயும் கொஞ்சம் மாறும், நீலகிரி இலையில் பூ வாசனை இளஞ்சூட்டில்தான் நன்றாகத் தெரிகிறது. வடித்த இலையையும் ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள்: செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்ல தயாரிப்பு, கறுத்துப்போய் உயிரில்லாமல் இருந்தால் பழைய இலை அல்லது தொழிற்சாலையில் உலர்த்தும்போது கருக்கியது.

கூட என்ன சேர்க்கலாம்

பால் வேண்டாம். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அமுக்கிவிடும், அழுத்தமான டீக்கு அது உதவி, இதில் அமுக்குவதற்கே ஒன்றும் இல்லை. இஞ்சி, ஏலக்காயும் இந்த வாசனையை மூடிவிடும். சர்க்கரையை நான் தடுக்க மாட்டேன், ஆனால் பாதி டம்ளரைச் சும்மா குடித்துவிட்டு மீதிக்குப் போடுங்கள். எனக்குப் பிடித்தது இலங்கையில் பலர் குடிக்கும் விதம்: பிளேன் டீயில் சீனி போடாமல், பனங்கட்டியையோ கற்கண்டையோ ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு வாய் தேத்தண்ணி. இனிப்பு தனியாக, தேநீர் தனியாக, வாய்க்குள்ளேதான் சேரும். எலுமிச்சை பிழிவதானால் இலையை வடித்த பிறகு நாலே சொட்டு. பிழிந்ததும் நிறம் வெளுக்கும், அது புளிப்பினால் வரும் மாற்றம், டீ கெட்டுப்போகவில்லை.

பக்கத்தில் பஜ்ஜி வைத்தால் பஜ்ஜி ஜெயித்துவிடும். ஊட்டி வர்க்கி நன்றாகச் சேரும், அதன் மொறுமொறுப்பும் லேசான உப்பும் டீயை அழுத்துவதில்லை. சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதீர்கள். கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்த என் நுவரெலியா இலை சீரக வாசனையோடுதான் கடைசிவரை இருந்தது. காற்றுப் புகாத தகர டப்பா, வெயிலும் ஈரமும் படாத அலமாரி, ஊதுபத்திக்கும் மசாலாவுக்கும் தூரம். ஃபிரிட்ஜில் வேண்டாம், எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் கோத்துவிடும். வாங்கும்போது பறித்த மாதம் தெரிந்தால் நல்லது, பிரித்தபின் ஆறு மாதத்துக்குள் முடிக்கிற அளவு வாங்குங்கள்.

வெயில் காலத்துக்கு

சித்திரை வெயிலில் சுடச்சுட எதுவும் இறங்காது என்பவர்களுக்கு இந்த இலையே வேறு விதமாக உதவும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 8 கிராம் நீலகிரி இலையைப் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள், அடுப்பே வேண்டாம். காலையில் வடித்தால் வெளிர் செந்நிறத்தில், கசப்பே இல்லாமல், லேசான இனிப்போடு இருக்கும். சூடாகப் போட்டுக் குளிரவைத்த டீ பெரும்பாலும் கலங்கிப்போகும், கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. நீலகிரி இலை அவ்வளவாகக் கலங்குவதில்லை, ஐஸ் டீக்கு அதைத் தேடி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இனிப்பு வேண்டுமானால் சர்க்கரையைப் போட்டுக் கலக்காமல் பாகாகக் கொஞ்சம் ஊற்றுங்கள், குளிர்ந்த டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கும். இரண்டு புதினா இலையைக் கசக்காமல் போடலாம். அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே குடித்துவிட்டு, ராத்திரி படுக்கப் போகும் முன் அடுத்த லிட்டருக்கு இலையைப் போட்டு வைத்துவிடுங்கள்.